வாசித்துக் காட்டாத சொல்

ஆங்கிலத்தில் பலவீனத்துக்குச் சொற்பஞ்சம் கிடையாது. ‘வீக்’ தெருவுக்கே வந்துவிட்டது. பேட்டரி வீக், சிக்னல் வீக், பையன் கணக்கில் வீக் என்று எங்கள் அக்ரஹாரத்தில் கொத்தமல்லி விற்கிறவர்கூடச் சொல்வார். தெருவுக்கு வராத இன்னொரு சொல் இருக்கிறது, ஃபீபிள் என்று. அகராதியிலும் மனுக்களிலும்தான் அதற்குக் குடித்தனம். அந்தச் சொல்லை நான் ஒரு பெண்மணியின் மேல் எழுதினேன். எழுதியதைவிட மோசமான ஒன்றையும் அதே நாளில் செய்தேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொல்லாமல் வைத்திருப்பது இன்னும் கேவலமாக இருக்கிறது.

மைசூரில் அக்ரஹாரம் என்கிற பேட்டையில் ஒரு கோயிலுக்கும் ஒரு மருந்துக் கடைக்கும் நடுவே என் கடை. கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது, அவ்வளவுதான் அகலம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆதார் நகல் எடுக்க வருவார்கள், ஆன்லைனில் விண்ணப்பம் போட வருவார்கள். ஆனால் எனக்குப் பிடித்த வேலை அர்ஜி எழுதுவது. மனுவை இங்கே அர்ஜி என்பார்கள். யாருக்கோ என்னவோ வேண்டும். அவர் வாயால் சொல்வார், நான் காகிதத்துக்கு மாற்றிக் கொடுப்பேன்.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம், அதுவும் பத்தாவதோடு சரி. தமிழ் எழுத்தை பஸ் போர்டுகளிலும் வாரப் பத்திரிகைகளிலும் நானாகக் கற்றேன். ஆங்கிலத்தை, நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டை பிய்ந்த ஓர் அகராதியிலிருந்து கற்றேன். இப்படிக் கற்றவனுக்கு ஒரு வியாதி வரும். குறைகுடம் கூத்தாடும் என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். காலையில் ஒரு புதுச் சொல்லைப் படித்துவிட்டால், புதுச் செருப்பு வாங்கிய பிள்ளை மாதிரி, சாயங்காலத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து காட்டியாக வேண்டும் எனக்கு.

இன்னொரு பைத்தியமும் உண்டு. ஜனங்கள் பேச்சுவாக்கில் உதிர்க்கிற சொலவடைகளைப் பொறுக்கி வைப்பேன். பாழான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு கிளிப்பில் மாட்டியிருப்பேன். கன்னடமோ தமிழோ எனக்குப் பேதமில்லை. ‘ஊட்ட பல்லவனிகெ ரோகவில்ல, மாது பல்லவனிகெ ஜகளவில்ல’ என்பார்கள் இங்கே. சாப்பிடத் தெரிந்தவனுக்கு நோயில்லை, பேசத் தெரிந்தவனுக்குச் சண்டையில்லை. என்னைப் பற்றித்தான் அது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பேசத் தெரியும், அதனால் யாரோடும் சண்டை கிடையாது. பேசத் தெரிந்தவனால் சண்டையே இல்லாமல் ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்க முடியும் என்று அந்தச் சொலவடை சொல்லவில்லை.

அர்ஜித் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மனுதாரரை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவுக்கு அதிகாரியின் மனம் இளகும். எங்களுக்கு வேதமே ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பதுதான். விதவை என்றால் ‘ஆதரவற்ற விதவை’ என்று போடுவோம். அவருக்கு ஆறடியில் மூன்று அண்ணன்கள் இருந்தாலும் போடுவோம். கடன் கேட்கிறவர் ‘ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியற்றவர்.’ மழையில் கூரையில் இரண்டு ஓடு நகர்ந்தால் ‘குடியிருப்பு முற்றிலும் நாசம்.’ வந்தவர்களும் மறுத்ததில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடுங்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அந்த அம்மாள் அப்படிக் கேட்கவில்லை. இந்தக் கதையில் எனக்குச் சாக்கு சொல்ல வழியில்லாமல் போவது அந்த இடத்தில்தான்.

அவள் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி, வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு தனியார் விடுதியின் சமையலறையில் வேலை. வீட்டுக்காரர் குண்டலுபேட்டையிலிருந்து காய்கறி லாரியில் மூட்டை ஏற்றி இறக்கப் போகிறவர். வந்தால் வந்தார், வராவிட்டால் அடுத்த வாரம். வாடகை, அடுப்பு, மருந்து எல்லாம் இவளுடைய வேலையை நம்பித்தான் ஓடின. என் கடைக்கு வரும்போதெல்லாம் ஊர்ப் பேச்சு பேசிவிட்டுப் போவாள். என்னை அண்ணா என்பாள், நான் அம்மிணி என்பேன். அவள் சொன்ன ஒரு வாக்கியம் என் கிளிப்பில் இருக்கிறது: ‘அடுப்பு யாரு மூஞ்சியையும் பாக்காதுங்கண்ணா.’ என்ன சந்தர்ப்பத்தில் சொன்னாள் என்று மறந்துவிட்டது.

அந்த விடுதியில் தினமும் சாயங்காலம் ராகிக் களி. கன்னடத்தில் முத்தெ. இருநூறு பிள்ளைகளுக்குக் களி கிண்டுவது என்றால் என்ன என்று கிண்டியவர்களுக்குத்தான் தெரியும். கொதிக்கும் அண்டாவில் மாவைக் கொட்டியதும் அது சேறு மாதிரி இறுகும். ஆள் உயரக் கோலை இரண்டு கையாலும் பிடித்து, தோளிலிருந்து அழுத்தித் திருப்ப வேண்டும். கொஞ்சம் கை தளர்ந்தாலும் கட்டி விழும். கட்டி விழுந்த களியைப் பிள்ளைகள் தட்டிலேயே விட்டுப் போவார்கள். அவள் அந்த வேலையைப் பதினோரு வருஷமாகச் செய்தவள். அவள் கிண்டிய களியில் கட்டி இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் மழை ஓய்ந்த ஒரு காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது தோள் மேலே எழும்பவில்லையாம். முன்பெல்லாம் இப்படி ஒன்று என்றால் தலைமைச் சமையல்காரரிடம் வாயால் சொன்னால் போதும், ஆள் மாற்றி விடுவார். இப்போது புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறாராம். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாராம். என்ன எழுத வேண்டும் என்பதை அவள் வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“தோளு மட்டுந்தாங்கண்ணா எழும்ப மாட்டேங்குது. கிண்டறதுக்கு மட்டும் வேற ஆளை விடச் சொல்லுங்க. உருட்டறது, காய் நறுக்கறது, அண்டா எறக்கறது எல்லாம் நானே பாத்துக்கறனுங்க. வேற ஒண்ணும் கொறை எழுதிறாதீங்க.”

வேற ஒண்ணும் கொறை எழுதிறாதீங்க. காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது. விழுந்தது.

கன்னடத்தில் எழுதினால் போதும் என்றாள். மேனேஜரும் கன்னடக்காரர்தான், விடுதியில் எல்லாக் காகிதமும் கன்னடத்தில்தான் ஓடுகிறது. அவளும் நாலாவது வரை கன்னடம் படித்தவள், எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்துவிடுவாள். நான்தான் கேட்கவில்லை. கன்னட அர்ஜி கட்டின் அடியில் போகும் அம்மிணி, இங்கிலீஷ் அர்ஜி மேஜை மேல் நிற்கும் என்று ஒரு பெரிய அனுபவசாலி மாதிரிச் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். அந்த ஒரு வாக்கியத்தால் அவளுடைய காகிதத்தை அவளே வாசிக்க முடியாதபடி செய்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு எழுத உட்கார்ந்தேன். அன்று காலைதான் அகராதியில் ஃபீபிள் என்ற சொல்லைப் பார்த்திருந்தேன். வாய்க்குள் வைத்துச் சொல்லிப் பார்த்தால் உதடு இரண்டு தடவை ஒட்டிப் பிரிகிறது, நன்றாக இருக்கிறது. விரல்கள் தாமாக ஓடின. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘நெடுங்காலம் உழைத்து உடல் நலிந்து, ஃபீபிள் ஆகி, எந்தப் பாரத்தையும் தாங்க இயலாத நிலையில், தங்கள் கருணை ஒன்றையே நம்பி நிற்கும் ஏழைப் பெண்.’ தோள் என்ற சொல் மூன்றாவது பத்தியில் ஒரு தடவை வந்தது. எழுதி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். எனக்கே நெஞ்சு உருகியது.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேற்று மொழியில் எழுதியதை, கையெழுத்து வாங்கும் முன் அவரவர் மொழியில் வாசித்துக் காட்டுவேன். யாரும் கேட்டு வந்த வழக்கமல்ல, நானே வைத்துக்கொண்டது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அன்றும் தாளை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் தாளில் இருந்ததை வாசிக்கவில்லை. அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். வலது தோளில் வலி, கிண்டுவதற்கு மட்டும் ஆள் மாற்றக் கோருகிறேன், மற்ற வேலைகளை நானே செய்வேன், இப்படிக்கு. கண்ணை வரிகளின் மேல் ஓட்டிக்கொண்டே, விரலால் தொட்டுக்கொண்டே, இல்லாததை வாசித்தேன்.

தாளை அவள் எட்டிப் பார்த்தாள். “இவ்வளவு நீளமா இருக்குதுங்களேண்ணா?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் அம்மிணி. மரியாதைக்கே நாலு வரி போயிரும்.”

அவள் சிரித்தாள். கன்னட எழுத்தில் தன் பெயரை ஒவ்வொன்றாக வரைந்து கையெழுத்துப் போட்டாள். தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் ஆனது. மறுபடி வந்தபோது கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் என்ன என்று கண்ணால் கேட்டதற்கு, அவங்க வேலையை முடிச்சுக் குடுங்க என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததை அவள் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டே இல்லை. மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்திருக்கிறார். இவ்வளவு முடியாமல் இருப்பவரை இத்தனை நாள் அடுப்படியில் நிறுத்தியிருக்கிறார்களே என்று தலைமைச் சமையல்காரரைக் கோபித்திருக்கிறார். அப்புறம் இவளிடம், கொதிக்கிற அண்டா பக்கத்தில் நீங்கள் இனி நிற்க வேண்டாம், வீட்டில் போய் ஓய்வெடுங்கள் அம்மா, உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் தோள் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் கோப்பைத் திறந்து காட்டினாராம். நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, உங்களால் எதுவுமே ஆகாது என்று. இதோ உங்கள் கையெழுத்து.

சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அந்த அர்ஜிய இன்னொருக்கா வாசிங்கண்ணா.”

கம்ப்யூட்டரில் பிரதி இருந்தது. திறந்தேன். மறுபடியும் பொய்யாக வாசித்திருக்கலாம். மேனேஜருக்கு இங்கிலீஷ் சரியாகப் புரியவில்லை அம்மிணி என்று அவர் தலையில் போட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் இந்தப் பக்கமும் அந்த அர்ஜி மாதிரி ஆகிவிடும். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியாக, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி.

ஃபீபிள் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். “அதென்ன வார்த்தை?”

“பலமே இல்லாதவ, நொந்து போனவன்னு அர்த்தம்.”

“நான் அப்புடிச் சொன்னனுங்களா?”

“இல்ல.”

“அப்ப ஆரு சொன்னது?”

“நான்தான் அம்மிணி.”

அவள் திரையைப் பார்த்தாள். அவளுக்குப் புரியாத எழுத்துகள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அன்னைக்கு ஏனுங்க இதை வாசிக்கல?”

நான் திரையில் அந்தப் பிரதியை மூடினேன். பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. வாசித்திருந்தால் அவள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். அது தெரிந்துதான் வாசிக்கவில்லை. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன், உண்மைதான். ஆனால் அவளிடம் கேட்டால் அந்த நல்லது வேண்டாம் என்பாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தவன் செய்த காரியத்தை அறியாமை என்று சொல்ல முடியாது.

இன்னொரு அர்ஜி எழுதித் தருகிறேன், கன்னடத்திலேயே எழுதுகிறேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். எழுதினது போதும், நீங்களே வந்து வாயால சொல்லுங்க என்றாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு விடுதிக்குப் போனேன். அவளும் வந்தாள். மேனேஜர் ஒரு கூட்டத்தில் இருந்ததால் காத்திருக்கச் சொன்னார்கள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. பழக்கத்தில் கால்கள் சமையலறைக்குள் போய்விட்டன. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். சோற்று அண்டாவை இரண்டு பெண்கள் இறக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். இவள் போய், ஒரு பக்கத்துக் காதை இடது கையால் பிடித்து, இடுப்பைக் கொடுத்து இறக்கிவிட்டாள். அவர்களில் ஒருத்தி, கன்னடக்காரி, பழைய சிநேகிதி போலிருக்கிறது, வாயைக் கோணி, உனக்கு ஷக்தியே இல்லையாமே அக்கா, ஆபீஸில் எழுதி மாட்டியிருக்கிறார்களாமே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பேப்பரில்தான் இல்லை என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அங்கே ஓர் ஓரத்தில் புதிதாக வந்த பெண் கோலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆள் மாற்றியாகிவிட்டது.

மேனேஜர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நல்ல மனிதர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். இந்த அம்மாள் சொன்னது ஒன்று, நான் எழுதியது வேறொன்று, தப்பு என்னுடையது என்று கன்னடத்தில் சொன்னேன். வழக்கமாக நாலு சொலவடை போட்டுப் பேசுகிறவன், அன்று ஒன்றுகூட வராமல் மொட்டையாகச் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து என் ஆங்கிலத்தை இன்னொரு தடவை வாசித்தார். நான் அவர் எதிரில் நின்று அதைக் கேட்டேன். நல்ல இங்கிலீஷ் என்றுகூட ஒரு வார்த்தை சொன்னார், நிஜமாகவே சொன்னார்.

பிறகு, “நாளெ ஏனாதரு ஆதரெ?” என்றார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்த அம்மாள் அடுப்படியில் விழுந்துவிட்டால், கொதிநீர் கொட்டிவிட்டால், முதலில் இந்தக் கடிதத்தைத்தான் எடுப்பார்கள். முடியாதவர் என்று அவரே எழுதிக் கொடுத்தும் வேலை வாங்கினாயா என்று என்னைக் கேட்பார்கள். எல்லா வேலைக்கும் தகுதி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டு, அவளிடமும் அதையே மரியாதையாகச் சொன்னார்.

டாக்டரிடம் அவள் போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் பாதி நாள் வரிசையில் நின்றாள். டாக்டர் தோளை அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளதை எழுதினார்: வலது தோளுக்கு ஓய்வு தேவை, கனமாகக் கிண்டக் கூடாது. முதல் நாள் அவள் என் கடையில் சொன்னதேதான். அந்த ஒரு வரியை அன்று நான் எழுதியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இப்போது அதே வரி, ஃபீபிளுக்குச் சாட்சியாகக் கோப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

‘மாது ஆடிதரெ ஹோய்து, முத்து ஒடெதரெ ஹோய்து’ என்பார்கள் கன்னடத்தில். பேசினால் போச்சு, முத்து உடைந்தால் போச்சு. பேச்சுக்கே அப்படி என்றால், கையெழுத்து வாங்கிய எழுத்துக்கு என்ன சொல்வது.

அந்த வாரம் ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாதபோது அகராதியை எடுத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லி முடித்த பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். அத்தனை வருஷத்தில் அந்த வரியை நான் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. சொல்லை எங்கே போட்டு மினுக்கலாம் என்று பார்க்கிறவனுக்கு அது பிறந்த வீடு எதற்கு? அன்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். லத்தீனில் ஃப்ளெரே என்றால் அழுவது. அதிலிருந்து ஃப்ளெபிலிஸ்: அழத்தக்கது, பார்த்தால் அழுகை வருவது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது தேய்ந்து, நடுவில் ஓர் எழுத்து உதிர்ந்து, ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போது ஃபீபிள் ஆகிவிட்டது. பொருளும் வழியில் மாறிவிட்டது. அழுகை போய் பலவீனம் மட்டும் மிஞ்சியது.

நம்மிடம் இருக்கிற சொற்களை நினைத்துப் பார்த்தேன். தளர்ச்சி என்றால் கயிறு தளர்ந்த மாதிரி. மெலிவு என்றால் சதை வற்றியது. அசதி, சோர்வு, இளைப்பு எல்லாமே அவரவர் உடம்புக்குள் நடக்கிற சங்கதிகள். அந்த உடம்புக்காரர் தாமே சொல்லிக்கொள்ளலாம், தோளு எழும்ப மாட்டேங்குதுங்கண்ணா என்கிற மாதிரி. இந்த ஃபீபிளின் பூர்வீகத்தில் அவர் வாயே இல்லை. எதிரில் நிற்கிறவன் பார்த்து, ஐயோ பாவம் என்று கண்ணீர் விட்டு, அந்தக் கண்ணீரையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று தொழில் நடத்தியவன் நான். அவள் அழவில்லை. அவளுக்காக நான் அழுதேன், அவளைக் கேட்காமல், அவள் கையெழுத்தில்.

பக்கத்தைத் திருப்பினால் அதே குடும்பத்தில் இன்னொரு சொல்: ஃபாய்பிள். ஒரு மனிதரிடம் உள்ள சின்னக் குறை, சபலம் என்று இன்றைய அர்த்தம். ஆனால் வாட்சண்டைக்காரர்கள் கத்தியின் ஒரு பகுதிக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்களாம். பிடியிலிருந்து நடு வரைக்கும் கத்தியின் பலமான பாதி. நடுவிலிருந்து நுனி வரைக்கும் பலங்குறைந்த பாதி, அது ஃபாய்பிள். எல்லாக் கத்திக்கும் அந்தப் பாதி உண்டு. அதற்காகக் கத்தியை யாரும் எறிவதில்லை. எதிராளியின் வீச்சை அந்த இடத்தில் வாங்காமல் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவள் கேட்டது அதைத்தான். கொஞ்சம் திருப்பிப் பிடியுங்கள் என்றாள். நான் முழுக் கத்தியையும் துரு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் கண்டுபிடித்தபோது ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிளிப்பிலிருந்து ஒரு தாளை உருவி எழுதக்கூட ஆரம்பித்தேன். அடுத்த கணம், ஒருத்தி வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இதில் ருசி கிடைக்கிறதே என்று கை நின்றது. என்னுடைய ஃபாய்பிள் எது என்று கேட்டால் அந்த ருசிதான். தாளைக் கிழித்துப் போட்டேன். இன்று மறுபடி எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதும் தெரிகிறது.

அதற்குப் பிறகு அர்ஜிகளில் தாழ்த்துவதை நிறுத்திவிட்டேன். வருகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அண்ணனுக்கு வயசாயிருச்சு, எழுத்துல சத்து இல்ல என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மருந்துக் கடைக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் கடைக்குப் போனார். போகட்டும். நான் திருந்தியதில் அவளுக்கு என்ன பிரயோஜனம்?

நாலைந்து மாதம் அவள் கண்ணில் படவில்லை. அவள் வீட்டுக்குப் போய் விசாரித்திருக்கலாம், அக்ரஹாரத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். போகவில்லை. போய் என்ன சொல்வது என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். எதிரில் அவளைப் போல ஒரு சேலை தெரிந்தால் குனிந்து ஜெராக்ஸ் மெஷினில் தாளை அடுக்குவேன். வெட்கம் என்று அதற்குப் பெயர் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம்.

கடைசியில் அவளே வந்தாள், தை மாதம் போலிருக்கும். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, நல்லாயிருக்கறீங்களாண்ணா என்றாள். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஹைவேயில் ஒரு ஹோட்டலில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறதாம். காலையில் பஸ், ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு முன் விட்டுவிடுகிறார்களாம். ஊழியர் விவரப் படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில், நிரப்பித் தர வேண்டும். புதுக் கடைக்குப் போகாமல் என்னிடம் வந்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் எனக்குச் சாதகமாக இருந்துவிடுமோ என்று இருந்தது.

படிவத்தை விரித்தேன். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன், அவள் சொன்ன பதிலை எழுதினேன், எழுதியதைத் திருப்பிச் சொன்னேன். பெயர், ஊர், வயது, முன் அனுபவம். என்ன வேலைக்கு என்ற இடம் வந்தது.

“களி கிண்டறதுதாங்கண்ணா. நம்ம பக்கத்துக் களின்னா லாரிக்காரங்க நிறுத்திச் சாப்புடறாங்க.”

“தோளு?”

“இருக்குதுங்க.”

எழுதினேன். அதற்கு அடுத்த கேள்வி, உடலில் குறைபாடோ நாள்பட்ட வலியோ ஏதாவது உண்டா என்று இருந்தது. அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

அவள் யோசிக்கவில்லை. “இல்லைன்னு போடுங்க.”

நான் பேனாவை எடுக்காமல் அவளைப் பார்த்தேன். அங்கே யாரிடமாவது சொல்லி, கொஞ்சம் கனம் குறைந்த வேலை கேட்டுப் பார்க்கலாமே அம்மிணி என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“சொன்னா எழுதிக் குடுன்னுவாங்கண்ணா,” என்றாள். குத்திக் காட்டவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

இல்லை என்று எழுதினேன். பொய் என்று தெரிந்து எழுதினேன். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், சரிங்க என்றாள். படிவத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அவள் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். அப்புறம் பேனாவைக் கேட்டாள்.